புள்ளிகளும் கோடும்: எரிமலை வாய்களின் வரிசையும் ஒழுங்கின் மெய்ம்மையும்

இயற்கையில் தென்படும் ஒழுங்கு இயற்கைக்கே உரியதா, காண்பவரின் மனம் அதன்மேல் ஏற்றி வைத்ததா என்பது மெய்யியலின் மிகப் பழைய கேள்விகளுள் ஒன்று. உலகின் ஒழுங்கைக் கண்டு, அதை ஒழுங்குபடுத்திய ஒருவரை அனுமானிக்கும் வழக்கம் பல சமயங்களிலும் இருப்பதால், இந்தக் கேள்விக்குச் சொல்லப்படும் விடை இறையியலின் அடித்தளத்தையும் தொடுகிறது. ஒழுங்கு என்று கருதப்பட்டது வெறும் தற்செயல் என்று தெரியவந்தால் அதன்மேல் எழுப்பப்பட்ட அனுமானமும் சரிந்துவிடும். தற்செயல் என்று ஒதுக்கப்பட்டது உண்மையான ஒழுங்காக இருந்துவிட்டால், கண்முன் இருந்த உண்மையைக் காணத் தவறிய குறை மனிதரைச் சேரும். இவ்விரு பிழைகளுக்கும் இடம் கொடாமல் நடப்பது எவ்வாறு என்பதே இங்கு ஆராயப்படுவது.

ஜெர்மானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ், 1686-இல் எழுதிய மெய்ப்பொருளியல் உரையில், இக்கேள்வியை ஒரு தாளின்மேல் கொண்டுவந்து வைத்தார். புள்ளி வைத்துக் குறி பார்ப்பவர்களைப் போல ஒருவர் தாளில் மனம்போன போக்கில் பல புள்ளிகளை இடுகிறார் என்று கொண்டால், அப்புள்ளிகள் அனைத்தின் வழியாகவும், அவை இடப்பட்ட அதே வரிசையில் செல்லும் ஒரு வளைகோட்டை ஒரு விதியால் எப்போதும் வரைந்துவிட முடியும் என்பது அவர் எடுத்துக்காட்டியது. ஆகவே எந்த விதிக்குமே உட்படாத நிகழ்வு என்று உலகில் ஒன்றும் இல்லை. விதி அளவுகடந்து சிக்கலாகும்போது, அதற்கு உட்பட்டதை ஒழுங்கற்றது என்று வழங்குகின்றனர், அவ்வளவே. இறைவன் தேர்ந்த உலகம் விதிகளில் மிக எளியதும் நிகழ்வுகளில் மிக வளமானதும் ஆகும் என்பது அவர் இதனோடு இணைத்துச் சொன்ன கருத்து. அக்கருத்தை ஏற்பவரும் ஏலாதவரும் ஒருங்கே ஒப்புக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. புள்ளிகளின் வழியே ஒரு கோடு செல்கிறது என்பது மட்டும் எதையும் மெய்ப்பிப்பதில்லை. அக்கோடு எவ்வளவு எளியது, எத்தனை புள்ளிகளைத் தன்னுள் அடக்குகிறது, அத்தனையும் தற்செயலாகவே அடங்கியிருக்க வாய்ப்பு எவ்வளவு என்ற மூன்றும் தெரிந்த பிறகே அதற்கு மதிப்பு உண்டாகும்.

லைப்னிட்ஸ் கற்பனையில் வைத்த தாள், எரிமலையியலில் ஒரு நிலப்படமாக உண்மையிலேயே இருக்கிறது. ஒரே பெரிய மலையாக உயராமல், பெரும்பாலும் ஒரே ஒருமுறை எரிந்து அடங்கிய சிறு எரிமலைகள் நூற்றுக்கணக்கில் பரந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் இடங்கள் எரிமலைப் புலங்கள் எனப்படும். நிலத்தடியில் உருகிய பாறைக்குழம்பு வெளிவந்த துளை ஒவ்வொன்றும் எரிமலை வாய். அதைச் சுற்றிக் கரிய கசடு குவிந்து எழுந்த குன்று கசடுக் கூம்பு. மெக்சிகோவின் மிச்சோவாகான்–குவானஹுவாத்தோ புலத்தில், ஏறக்குறைய 40,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட எரிமலை வாய்கள் உள்ளன. 1759 முதல் 1774 வரை எரிந்த ஹொரூயோவும், 1943 பிப்ரவரி 20 அன்று டயோனிசியோ புலீதோ என்ற உழவரின் மக்காச்சோளக் கொல்லையில் நிலம் பிளந்து தோன்றி 1952 வரை எரிந்த பரிக்குத்தினும் இப்புலத்தில் எழுத்துப் பதிவுகள் உள்ள காலத்தில் பிறந்தவை. இப்புலத்தின் படத்தை உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்கு அங்கங்கே நேர்வரிசைகள் தென்படும். அவை நிலத்தில் இருக்கின்றனவா, கண்ணில் மட்டும் இருக்கின்றனவா என்பதைத் தீர்மானிக்கக் கடந்த நாற்பது ஆண்டுகளில் உருவாக்கப்பட்ட புள்ளியியல் முறைகள், மேற்சொன்ன மெய்யியல் கேள்விக்கு அரிய உரைகல்லாக அமைகின்றன.

வரிசைகள் உண்மையாக இருப்பதற்கு வலுவான இயற்பியல் காரணம் உண்டு. பாறைக்குழம்பு மேலேறும்போது மெல்லிய, செங்குத்தான பிளவொன்றைத் திறந்துகொண்டு வருவது வழக்கம். அக்குழம்பு உள்ளேயே உறைந்துவிட்டால் டைக் எனப்படும் பாறைச்சுவராக நிற்கிறது. புவியின் மேலோடு எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவாக நெருக்கப்படுவதில்லை. நெருக்கம் எந்தத் திசையில் மிகக் குறைவோ அந்தத் திசையில் பாறையை விலக்குவது எளிதாதலால், பிளவு அதற்குச் செங்குத்தாக நீள்கிறது. ஆகவே ஒரே பிளவின்மேல் பிறந்த வாய்கள் ஒரே கோட்டில் அமைவதோடு, அக்கோட்டின் திசை மேலோட்டினுள் நிலவும் விசைகளின் திசையையும் தெரிவிக்கிறது. ஜப்பானிய அறிஞர் நாகமுரா 1977-இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்துக்குப் பரவலான ஏற்பைப் பெற்றுத் தந்தது. ஐஸ்லாந்தின் லாக்கிப் பிளவு இதற்குக் கண்கூடான சான்று. 1783 ஜூன் 8 அன்று திறக்கத் தொடங்கிய அப்பிளவு ஏறக்குறைய 27 கிலோமீட்டர் நீளத்துக்கு, தென்மேற்கிலிருந்து வடகிழக்காக, நூற்றுக்கு மேற்பட்ட வாய்களை ஒரே வரிசையில் நிறுத்தியது. நிலம் இரு தட்டுகளாக விலகிக்கொண்டிருக்கும் நாட்டில் அவ்வரிசை விலகலுக்குக் குறுக்காக அமைந்தது எதிர்பார்க்கத்தக்கதே. எரியும்போதே மக்கள் கண்ட வரிசையாதலால் அதை ஐயுறுவதற்கு இடமில்லை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் எரிந்து, எது எதற்குப் பின் பிறந்தது என்பதும் தெரியாத கூம்புகளிடையே வரிசை தேடும்போதுதான் சிக்கல் எழுகிறது.

அச்சிக்கலின் அளவை ஒரு கணக்கு தெளிவாகக் காட்டும். பக்கத்துக்குப் பத்துக் கிலோமீட்டர் உள்ள சதுர நிலத்தில் 50 வாய்கள் எந்தக் காரணமும் இன்றிச் சிதறியிருப்பதாகக் கொள்வோர், அவற்றை இரண்டிரண்டாக 1,225 வகையில் இணைக்கலாம். ஒவ்வோர் இணைப்புக் கோட்டின் இருபுறமும் நூறு மீட்டருக்குள் விழும் வாய் அக்கோட்டில் இருப்பதாக ஏற்கப்படட்டும். கூம்பு ஒன்றின் அடியே சில நூறு மீட்டர் அகலம் இருக்கும் என்பதால் இது பெரிய சலுகை ஆகாது. சதுரத்தினுள் இரு புள்ளிகளின் சராசரித் தொலைவு 5.2 கிலோமீட்டர்; ஆகவே கோட்டைச் சுற்றிய பட்டையின் பரப்பு சராசரியாக ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அதாவது நிலத்தின் நூறில் ஒரு பங்கு. எஞ்சிய 48 வாய்களில் ஒவ்வொன்றும் அப்பட்டைக்குள் விழ நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு. பெருக்கிப் பார்த்தால், மூன்று வாய்கள் ஒரே கோட்டில் நிற்கும் அமைப்புகள் மட்டும் அறுநூறுக்கு மேல் எதிர்பார்க்கப்படுகின்றன. நான்கு வாய்கள் நிற்பவை 180 அளவிலும், ஐந்து நிற்பவை சுமார் 40-உம் இருக்கும். எந்தப் பிளவும் இல்லாத நிலத்தில், எவர் கையும் படாமல், ஐந்து கூம்புகள் அணிவகுத்து நிற்கும் வரிசைகள் நாற்பது கிடைக்கின்றன என்றால், அத்தகைய வரிசை ஒன்றைக் கண்டதும் வியப்பவர் எதை வியக்கிறார் என்பது ஆராயத்தக்கது.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று தமிழ் மக்களும், காகதாலீய நியாயம் என்று வடமொழித் தருக்கரும் சொல்வது இந்நிலையையே. ஒரு காக்கை, ஒரு பழம் என்று மட்டும் பார்ப்பவருக்கு அது அதிசயம். தோப்பு முழுவதும் எத்தனை காக்கைகள் எத்தனை மரங்களில் எத்தனை முறை அமர்ந்தன என்று எண்ணத் தொடங்குபவருக்கு, அப்படி ஒன்று நிகழாமல் போவதுதான் அதிசயமாகத் தோன்றும். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டுஷயரைச் சேர்ந்த ஆல்ஃபிரட் வாட்கின்ஸ், பழங்காலக் கற்களும் மேடுகளும் தேவாலயங்களும் நேர்கோடுகளில் அமைந்திருப்பதாக 1921-இல் கண்டு, 1925-இல் நூலாக எழுதினார். பழைய வழித்தடங்களின் எச்சம் என்று அவர் கருதிய அக்கோடுகளுக்குப் பின்வந்தோர் ஆன்மிக ஆற்றலின் பாதைகள் என்று பொருள் கற்பித்தனர். சைமன் பிராட்பென்ட் என்ற புள்ளியியலாளரும், டேவிட் கெண்டால், வில்ஃபிரட் கெண்டால் ஆகிய தந்தையும் மகனும் 1980-இல் இச்சிக்கலை எடுத்துக்கொண்டு, சிதறிய புள்ளிகளிடையே தற்செயலாகவே எத்தனை கோடுகள் அமையும் என்பதற்கான கணிதத்தை உருவாக்கினர். கோடுகளைத் தேடுபவர் அவற்றைக் கண்டுபிடிப்பது உறுதி என்பது அதனால் எண்ணிக்கையாகவே தெளிவாயிற்று. புனிதத்தை நாடிய தேடலிலிருந்து எழுந்த கேள்வியே கணிதத்தின் ஒரு புதிய கிளை வளர உரமாயிற்று. உருவங்களை ஒப்பிடும் புள்ளியியலை டேவிட் கெண்டால் பிற்காலத்தில் வளர்த்தெடுத்ததற்கு இவ்வாய்வும் ஒரு தூண்டுதல்.

எரிமலை வாய்களுக்கு இத்தகைய கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடி, 1986-இல் இருபுள்ளித் திசைக்கோண முறையை வெளியிட்ட திமோதி லட்ஸ். ஒவ்வொரு வாயையும் மற்ற ஒவ்வொரு வாயோடும் கோட்டால் இணைத்து, அக்கோடு வடக்கிலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று அளந்து, 180 பாகைகளைப் பத்துப் பத்தாகப் பிரித்த பெட்டிகளில் எண்ணிக்கையை நிரப்புவது இம்முறையின் முதற்பகுதி. நிலத்தடியில் ஒரே திசையில் பல பிளவுகள் இருந்தால் அத்திசைக்குரிய பெட்டி மற்றவற்றைவிட நிரம்பி நிற்க வேண்டும். முறையின் உயிர்நிலை அதற்கு அடுத்த பகுதியில் இருக்கிறது. ஆராயப்படும் புலத்தின் அதே வடிவமுள்ள நிலத்தில், அதே எண்ணிக்கையிலான புள்ளிகளைக் கணினி தற்செயலாகத் தூவுகிறது. அவற்றுக்கும் திசைகள் எண்ணப்படுகின்றன. இது நூற்றுக்கணக்கான முறை திரும்பச் செய்யப்படுகிறது. மாண்டே கார்லோ முறை என்று வழங்கும் இச்செயலால், காரணமே இல்லாத உலகம் எப்படித் தோற்றமளித்திருக்கும் என்பது தெரியவருகிறது. அந்தக் காரணமற்ற உலகத்தைப் பற்றிய எடுகோளுக்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். உண்மை நிலத்தின் எண்ணிக்கை, அக்கற்பனை உலகங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் காணப்படுவதைக் காட்டிலும் மிகுந்திருந்தால் மட்டுமே அத்திசை குறிப்பிடத்தக்கது என்று ஏற்கப்படுகிறது.

புலத்தின் வடிவத்தை இவ்வளவு கருத்தாகப் பின்பற்றுவதன் காரணம் மெய்யியலுக்கும் உரியது. கிழக்கு மேற்காக நீண்டு ஒடுங்கிய புலத்தில் புள்ளிகளை எப்படித் தூவினாலும், அவற்றை இணைக்கும் கோடுகளிற் பெரும்பாலானவை கிழக்கு மேற்காகவே கிடக்கும். அதைக் கண்டு நிலத்தடியில் பிளவு இருப்பதாக முடிவு செய்பவர், எல்லையின் இயல்பை உள்ளிருப்பதன் இயல்பாக மயங்குகிறார். நியாய மரபின் தருக்க நூல்கள் இம்மயக்கத்தை உபாதி என்ற கருத்தால் விளக்கின. புகையைக் கண்டு மலையில் நெருப்பு உண்டு என்று அனுமானிப்பது சரி; நெருப்பைக் கண்டு அங்கே புகை உண்டு என்று அனுமானிப்பது சரியன்று, ஏனெனில் ஈர விறகு என்ற மறைந்த நிபந்தனை சேர்ந்தால்தான் நெருப்பு புகையும். அந்த மறைந்த நிபந்தனையே உபாதி; அது இருக்கும்வரை அனுமானம் நிலைபெறாது. அன்னம்பட்டரின் தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கியதால், இக்கருத்து தமிழில் தருக்கம் பயின்றோருக்கும் பழக்கமானது. லட்ஸ் செய்தது, புலத்தின் வடிவம் என்னும் உபாதியைப் பெயர் சொல்லிப் பிடித்து, கணக்கிலிருந்து கழித்ததுதான். அனுமானம் என்பது கண்டதிலிருந்து காணாததற்குத் தாவுவதாகையால், தாவுவதற்கு முன் காலூன்றிய இடம் உறுதியா என்று சோதிக்கும் கடமை அதைச் செய்பவருக்கு உண்டு என்ற பழைய அறிவு இங்கே எண்களால் நிறைவேறுகிறது.

திசை மட்டும் தெரிந்தால் போதாது, எந்தக் கோட்டில் எந்த வாய்கள் நிற்கின்றன என்பதும் தெரிய வேண்டும் என்பதால், 1988-இல் வேட்ஜ், கிராஸ் ஆகிய இருவரும் மிச்சோவாகான்–குவானஹுவாத்தோ புலத்துக்கு இருபுள்ளி முறையோடு ஹஃப் உருமாற்றத்தையும் பயன்படுத்தினர். அணுத்துகள்கள் விட்டுச்சென்ற தடங்களைப் படங்களில் கண்டறிவதற்காகப் பால் ஹஃப் உருவாக்கிய முறை அது. தளத்திலுள்ள எந்த நேர்கோட்டையும், அதன் சாய்வு, ஒரு நிலையான புள்ளியிலிருந்து அதன் தொலைவு என்ற இரண்டே எண்களால் குறித்துவிடலாம். ஒரு வாயின் வழியே செல்லக்கூடிய எண்ணற்ற கோடுகள் எல்லாம் சேர்ந்து, அவ்விரு எண்களை அச்சுகளாகக் கொண்ட மற்றொரு தளத்தில் ஒரு வளைகோடாக மாறுகின்றன. பல வாய்களின் வளைகோடுகள் ஒரே இடத்தில் வெட்டிக்கொண்டால், அவ்விடம் குறிக்கும் நேர்கோட்டில் அவ்வாய்கள் அனைத்தும் நிற்கின்றன. பத்து வாய்களின் இடத்தைச் சொல்ல இருபது எண்கள் வேண்டியிருக்க, அவை நிற்கும் கோட்டைச் சொல்ல இரண்டு போதும் என்ற இந்தச் சிக்கனம், விதியின் எளிமையே ஒழுங்கின் அடையாளம் என்று லைப்னிட்ஸ் கொண்டதற்குக் கணிதம் தரும் தெளிவான வடிவம்.

இம்முறைகள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் குறை உண்டு என்பதையும் அவற்றை உருவாக்கியவர்களே வெளிப்படுத்தினர். வாய்கள் சமமாகச் சிதறாமல் கொத்துக் கொத்தாகப் பிறப்பதால், இரண்டு கொத்துகளுக்கு இடையே ஓடும் நூற்றுக்கணக்கான இணைப்புகள், பிளவு எதுவும் இல்லாதபோதும், ஒரே திசையைப் பெருக்கிக் காட்டும். ஆகவே காரணமற்ற உலகத்தைக் கற்பனை செய்யும்போதும், வாய்களின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதை அதனுள் சேர்க்க வேண்டியதாயிற்று. மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில், தொஹோனோ ஓஓதாம் மக்கள் புனிதமாகப் போற்றும் பினகாத்தே எரிமலைப் புலத்தை 1995-இல் ஆராய்ந்த லட்ஸும் கட்மனும் முந்தைய முறையை இவ்வழியில் திருத்தினர். ஒரே பிளவில் பிறந்த வாய்கள் அருகருகே இருக்கும் என்பதால் தொலைவான இணைப்புகளை விலக்கிவிட்டுக் குறுகியவற்றை மட்டும் எண்ணும் வழியும் கையாளப்படுகிறது. இன்னொரு குறை நுட்பமானது. பதினெட்டுப் பெட்டிகளைத் தனித்தனியே சோதித்து, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு ஐந்து பிழைக்கு இடம் கொடுத்தால், அவை ஒன்றையொன்று சாராதவை எனக் கொள்ளும்போது, ஏதேனும் ஒரு பெட்டியாவது பொய்யாக நிரம்பிக் காட்டும் வாய்ப்பு நூற்றுக்கு அறுபது ஆகிவிடும். பல இடங்களில் தேடியவர், கிடைத்த ஓரிடத்தை மட்டும் சொல்லிவிட்டு, கிடைக்காத இடங்களைச் சொல்லாமல் விடுவது, அறியாமல் செய்யும்போதும் பொய்யின் பயனையே தருகிறது.

இத்தனை சோதனைகளையும் கடந்து நிற்கும் வரிசைக்குப் பிறகும், வேறு வகைச் சான்றுகள் தேவைப்படுகின்றன. பிளவின்மேல் எழுந்த கூம்பு வட்டமாக இல்லாமல் பிளவின் திசையில் நீண்டிருக்கிறதா, அரித்துப்போன மலைச்சரிவில் அதே திசையில் டைக் வெளித்தெரிகிறதா, வரிசையிலுள்ள பாறைகளின் வயதும் வேதியியலும் ஒத்திருக்கின்றனவா என்றெல்லாம் கேட்கப்படுகிறது. புள்ளியியல் தரும் விடை, தற்செயல் ஒன்றே போதுமான விளக்கம் ஆகாது என்பதோடு நின்றுவிடுகிறது. காரணம் எது என்று அது சொல்வதில்லை.

இவ்வேறுபாட்டை மறந்ததால் நேர்ந்த விளைவை இறையியலின் வரலாற்றிலேயே காணலாம். இங்கிலாந்தின் ஆன் அரசியாருக்கு மருத்துவராயிருந்த ஜான் ஆர்பத்னாட், 1629 முதல் 1710 வரை லண்டனில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, 82 ஆண்டுகளிலும் ஓர் ஆண்டுகூடத் தவறாமல் ஆண் குழந்தைகளே மிகுந்திருந்ததைக் காட்டினார். ஆணும் பெண்ணும் சம வாய்ப்புடையவை என்றால், இரண்டை 82 முறை தன்னால் பெருக்கி வரும் மாபெரும் எண்ணில் ஒரு பங்கே இதற்கு வாய்ப்பு. ஆகவே இது இறைவனின் திருவருட் செயலே என்பது அவரது முடிவு. இன்மைக் கருதுகோளைச் சோதித்து மறுத்த முதற்பணிகளுள் ஒன்றாக இன்று எண்ணப்படும் இக்கட்டுரை, இறைவனின் அருளை நிறுவுவதற்காகவே எழுதப்பட்டது. நிக்கோலாஸ் பெர்னூலி அதற்குச் சொன்ன மறுப்பு கூர்மையானது. ஆண் பிறப்புக்கு 18, பெண் பிறப்புக்கு 17 என்று 35 முகங்கள் கொண்ட பகடை ஒன்றை உருட்டினாலும் இதே முடிவு கிடைக்கும். சம வாய்ப்பு என்ற ஒரு தற்செயலை ஆர்பத்னாட் மறுத்தாரே தவிர, எல்லாத் தற்செயலையும் மறுத்துவிடவில்லை. அந்த 18-உம் 17-உம் ஏன் அப்படி அமைந்தன என்ற கேள்வி இறைநம்பிக்கையாளருக்கு அப்போதும் திறந்தே இருந்தது. ஆயினும் அது பதிவேட்டின் கணக்கு விடை சொல்லும் கேள்வியாக இருக்கவில்லை.

இதே வகை அனுமானம் வென்ற வரலாறும் உண்டு. யார்க்‌ஷயரின் தார்ன்ஹில் ஊர்த் தேவாலயத்தின் குருவான ஜான் மிச்செல் 1767-இல் வானத்தைப் புள்ளிகள் சிதறிய தளமாகக் கொண்டு ஆராய்ந்தார். கார்த்திகை மீன் கூட்டத்தின் ஆறு ஒளிமிக்க விண்மீன்கள் அவ்வளவு நெருங்கி நிற்பது தற்செயலாக இருக்க ஐந்து லட்சத்தில் ஒன்று என்ற அளவே வாய்ப்பு என்று கணித்து, அவை ஏதோ ஒரு விதியால் ஒன்று கூடியவை என்று முடிவு செய்தார். இரட்டையாகத் தெரியும் விண்மீன்கள் பலவும் அவ்வாறே உண்மையில் பிணைந்தவை என்றார். 1803-இல் வில்லியம் ஹெர்ஷல், பல ஆண்டு நோக்கலின் பயனாக, சில இரட்டை விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதை அறிவித்தபோது அவ்வனுமானம் உறுதிப்பட்டது. மிச்செலின் கணக்கு வழியைக் காட்டியது. பிணைப்பின் காரணம் ஈர்ப்புவிசை என்பதை விண்மீன்களின் இயக்கமே பிறகு காட்டியது. ஆர்பத்னாட்டும் மிச்செலும் பயன்படுத்திய தருக்கம் ஏறக்குறைய ஒன்றே. கணக்கு முடிந்த இடத்தில் இறுதி முடிவுக்குப் பாய்ந்தவர் ஒருவர். அடுத்த சான்றுக்கு இடம் விட்டவர் மற்றவர்.

இனி, வரிசையாகவே அமையாத, ஒரே ஒருமுறை நிகழ்ந்த ஒன்றைப் பற்றி இம்முறை என்ன சொல்லும் என்ற கேள்வி எஞ்சுகிறது. லாக்கிப் பிளவிலிருந்து பெருகிய நெருப்பாறு கிர்க்யுபாயர்க்லைஸ்டர் ஊரை நெருங்கிக்கொண்டிருந்த 1783 ஜூலை 20 அன்று, அவ்வூர்க் குருவான யோன் ஸ்டெய்ன்கிரிம்சன் மக்களைத் தேவாலயத்தில் கூட்டி வழிபாடு நடத்தினார். வழிபாடு முடிந்து வெளிவந்து பார்த்தபோது, நெருப்பாறு முன்னேறாமல் ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் குவிந்து நின்றிருந்தது. நெருப்பு வழிபாடு என்று ஐஸ்லாந்து மக்கள் இன்றும் போற்றும் நிகழ்வு இது. குரு எழுதிவைத்த குறிப்பில், அணைபட்டு நின்ற ஆறுகள் கரைபுரண்டு நெருப்பின்மேல் பாய்ந்து அதை அவித்தன என்ற செய்தியும் இருக்கிறது. இயற்கைக் காரணத்தை அவர் மறைக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டே இறைவனுக்கு நன்றி சொன்னார். ஒருமுறை மட்டும் நிகழ்ந்ததற்கு ஒப்பிட வேறு நிகழ்வுகள் இல்லையாதலால், அதன் வாய்ப்பைப் புள்ளியியல் எண்ணிச் சொல்ல இயலாது. நன்றியுணர்ச்சி பொருத்தமானதா என்பது அக்கணக்கின் எல்லைக்குள் வருவதும் இல்லை.

எனினும் அந்நிகழ்விலிருந்து ஒரு பொதுவிதியைப் பெற முயல்பவர் கணக்கின் எல்லைக்குள் காலடி வைத்துவிடுகிறார். அவ்வெடிப்பைத் தொடர்ந்த பஞ்சத்திலும் நோயிலும் ஐஸ்லாந்து மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் மாண்டனர். வழிபட்டோரும் அவர்களுள் இருந்தனர். பரிக்குத்தினின் குழம்பு 1944-இல் சான் ஹுவான் பரங்கரிக்குத்திரோ ஊரை மூடியபோது, அங்கிருந்த தேவாலயத்தின் கோபுரம் ஒன்றும் பலிபீடமும் உறைந்த பாறைவெளியின் நடுவே எஞ்சின. அதை அருளின் அடையாளமாகக் கண்டு மக்கள் இன்றும் கரடுமுரடான பாறைகளின்மேல் நடந்து வந்து வணங்குகின்றனர். அவ்வணக்கத்தைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் வழிபாட்டிடங்களைக் குழம்பு விலகிச் செல்லும் என்று ஒருவர் சொல்வாரானால், குழம்பில் புதைந்த இடங்களையும் அவர் எண்ணியாக வேண்டும். புதைந்தவை கண்ணில் படாமல் எஞ்சியவை மட்டும் கண்ணில் படுவதே இங்கு மறைந்து நிற்கும் உபாதி. வாழ்ந்த அனுபவத்தில் பொருள் காண்பதும், உலகம் இப்படித்தான் நடக்கும் என்று விதி சொல்வதும் இரு வேறு செயல்கள். முன்னது இதயத்தின் உரிமை. பின்னதற்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டு.

கடமை என்ற சொல் இங்கு மிகையன்று. நியூசிலாந்தின் மிகப்பெரிய நகரமான ஆக்லாந்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு எரிமலைகளின் மேல் கட்டப்பட்டது. அவற்றுள் இளையதான ரங்கிதோதோ எரிந்து ஏறக்குறைய 600 ஆண்டுகளே ஆகின்றன. அடுத்த வாய் எங்கே திறக்கும் என்பதைக் கணிப்பதற்கு, இருக்கும் வாய்களில் உண்மையான வரிசை உண்டா என்பது ஒரு முக்கியமான செய்தி. அமெரிக்காவின் நெவாடாவிலுள்ள யக்கா மலையில் அணுக்கழிவைப் புதைக்கும் திட்டம் ஆராயப்பட்டபோது, அருகிலுள்ள கிரேட்டர் ஃபிளாட் பகுதியின் சிறு எரிமலைகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது, இனி வரப்போகும் பல்லாயிரம் ஆண்டுத் தலைமுறைகளின் பாதுகாப்போடு பிணைந்த கேள்வியாயிற்று. இல்லாத கோட்டை இருப்பதாகச் சொன்னால் அக்கோட்டில் வாழ்வோர் காரணமின்றி அஞ்சுவதோடு, கோட்டுக்கு வெளியே வாழ்வோர் காரணமின்றி அச்சம் நீங்கியிருப்பர். இருக்கும் கோட்டை இல்லையென்றால் விளையும் தீங்கு சொல்லாமலே விளங்கும். ஒரு பிழையைக் குறைக்க அளவுகோலைக் கடுமையாக்கும்போது மற்றப் பிழை பெருகும் என்பதால், எந்தப் பிழையை எவ்வளவு பொறுப்பது என்பதைக் கணிதம் தானே முடிவு செய்துவிடாது. அந்த முடிவு, பிறர் உயிரை எவ்வளவு மதிக்கிறோம் என்ற அறத்திலிருந்தே பிறக்க வேண்டும்.

தற்செயலுக்கு இவ்வளவு இடம் கொடுப்பது இறையுணர்வுக்குப் பகை என்ற அச்சம் ஆதாரமற்றது. தற்செயல் எவ்வளவு செய்ய வல்லது என்பதை முழுவதும் எண்ணி, வடிவத்தால் வந்ததையும் கொத்தால் வந்ததையும் தேடலின் மிகுதியால் வந்ததையும் கழித்த பின்னும் ஒரு வரிசை எஞ்சுமானால், அது காண்பவரின் விருப்பத்தால் உண்டானதாக இருக்க இயலாது. மனிதர் வேண்டியபடி வளையாத அந்த ஒழுங்கு ஒன்றே உலகின் இயல்பைப் பற்றி ஏதேனும் சொல்லத் தகுதி உடையது. உலகம் இறைவனின் படைப்பு என்று நம்புபவருக்கு இக்கட்டுப்பாடு மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே பொருந்தும். ஏனெனில் நிலத்தில் இல்லாத கோட்டை நிலத்தின்மேல் ஏற்றுபவர் தம் அறிவுக்கு மட்டுமே குறை தேடிக்கொள்கிறார். அக்கோட்டுக்கு இறைவனின் கையெழுத்து என்று பெயரிடுபவரோ, இறைவன் சொல்லாத ஒன்றை அவர் வாயில் வைக்கிறார். உண்மையை வழிபடுவதாகச் சொல்லும் எந்தச் சமயமும், அடையாளங்களை ஏற்பதற்கு முன் அவற்றை எண்ணிப் பார்க்கும் பொறுமையைத் தன் ஒழுக்கங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளக் கடமைப்பட்டது.